கொலைமேடையும் பேச்சுமேடையும்

பிழைப்புக்கு நான் செய்வது மொழிபெயர்ப்பு. பாட்டன் காலத்துப் பிறப்புப் பதிவு, கலியாணப் பதிவு, உயில், மனைப் பத்திரம் என்று பிரெஞ்சில் எழுதப்பட்ட தாள்கள் புதுச்சேரியில் இன்னும் எத்தனையோ வீடுகளில் தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றன. பிரெஞ்சுக் குடியுரிமை கோருபவர்களுக்கும் பாகப்பிரிவினை வழக்கில் நிற்பவர்களுக்கும் அவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுப்பதை இருபத்தாறு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இத்தனை ஆண்டுகளில் யாரும் கேட்காமல், நானாக விரும்பி மொழிபெயர்க்க உட்கார்ந்தது ஒரே ஒரு ஆவணத்தைத்தான். 1791 செப்டம்பரில் பாரிசில் அச்சான பெண் உரிமைச் சாற்றுரை, அதாவது பிரகடனம், அது. எழுதியவர் ஒலிம்ப் து கூஜ்.

உட்காரவைத்தது என் தம்பி மகள். பாரிசுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பெண். 2024 ஜூலை 26 அன்று ஒலிம்பிக் தொடக்க விழாவைப் பார்த்துவிட்டு நள்ளிரவு கடந்த நேரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அத்தை, சேன் ஆத்து ஓரமா தங்க நிறத்துல பத்துப் பொம்பளைங்க சிலை எழுந்து வந்துச்சே, பாத்தீங்களா? அதுல ஒலிம்ப் து கூஜ்னு ஒருத்தங்க. அவங்க எழுதினதைத் தமிழ்ல படிக்கணும்னு அம்மா கேக்கறாங்க, கெடைக்குமா?" கிடைக்குமா என்று தேடுவதைவிட நானே எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாளே தொடங்கினேன். பத்தாவது விதியில் வந்து நின்றுவிட்டேன்.

அந்த விதியின் நடுவில் உள்ள வாக்கியம்தான் அவர் எழுதியவற்றில் உலகம் அதிகமாக நினைவில் வைத்திருப்பது. பெண்ணுக்கு மரண தண்டனை மேடையில் ஏறும் உரிமை இருக்கிறது, ஆகவே சபையில் பேசும் மேடையில் ஏறும் உரிமையும் அவளுக்கு இருந்தாக வேண்டும் என்பது அதன் பொருள். பிரெஞ்சில் இந்த இரண்டுக்கும் தொடர்பில்லாத இரண்டு சொற்கள். தண்டனை மேடை 'எஷஃபோ', பேச்சு மேடை 'திரிப்யூன்'. முதலில் 'தூக்குமேடை' என்று எழுதினேன். தூக்கு வேண்டாம், தலையை வெட்டுவதே தண்டனை என்று பிரான்சில் அந்த ஆண்டுதான் சட்டமானது என்பதால் அதை அடித்துவிட்டு 'கொலைமேடை' என்று மாற்றினேன். அடுத்த பாதிக்குப் 'பேச்சுமேடை' என்று எழுதி முடித்த பிறகுதான் தாளில் என்ன நடந்திருக்கிறது என்று கண்ணில் பட்டது. கொலைமேடை ஏறப் பெண்ணுக்கு உரிமை உண்டு. பேச்சுமேடை ஏறவும் அவளுக்கு உரிமை வேண்டும். மூலத்தில் இல்லாத ஒரு பிடிப்பைத் தமிழ் தானாகவே கொண்டுவந்து சேர்த்திருந்தது. கழுத்தை நீட்ட ஏறுவதும் வாயைத் திறக்க ஏறுவதும் நம் மொழியில் மேடைதான். என் தொழிலில் இப்படி ஒரு வரம் ஆண்டுக்கு ஒரு முறை கிடைத்தாலே அதிகம்.

இதை எழுதி இரண்டே ஆண்டுகளில் அந்த வாக்கியத்தின் முதல் பாதி அவர் வாழ்க்கையிலேயே நடந்துவிட்டது. இரண்டாம் பாதி நடக்க அவருடைய நாட்டுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. எங்கள் ஊருக்கு அது எப்போது வந்தது, எப்படி வந்தது என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுத நினைக்கிறேன்.

அவர் 1748 மே 7 அன்று தென் பிரான்சில் மொந்தோபான் என்ற ஊரில் பிறந்தார். பிறப்புப் பதிவில் பெயர் மரி கூஸ், தந்தை ஓர் இறைச்சிக் கடைக்காரர். உண்மையான தந்தை ஊரின் ஒரு பிரபு என்று ஊரும் சொன்னது, அவரும் நம்பினார். பதினேழு வயதில், விருப்பமில்லாத ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு மகன் பிறந்த சிறிது காலத்தில் கணவர் இறந்துபோனார். அதன்பின் கைம்பெண் ஓப்ரி என்று கணவர் பெயரால் தன்னைக் குறிப்பிட மறுத்து, தாயின் பெயரிலிருந்து 'ஒலிம்ப்' என்பதை எடுத்துச் சேர்த்துத் தனக்குத் தானே ஒரு பெயர் சூட்டிக்கொண்டு மகனோடு பாரிசுக்கு வந்துவிட்டார். பழைய பிரெஞ்சுப் பத்திரங்களில் பெண்களின் பெயர் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் கைம்பெண்' என்றுதான் தொடங்கும். அந்த வரிகளை நாள்தோறும் தமிழில் எழுதுகிறவள் என்பதால், இந்தப் பெயர் மாற்றம் எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்கு விளங்குகிறது.

இன்னொன்றும் மனத்தில் நின்றது. அவருடைய தாய்மொழி பாரிசின் பிரெஞ்சு இல்லை, தெற்கே பேசப்பட்ட ஒக்சித்தான். எழுதப் படிக்க அதிகம் பழகாதவர். நாடகங்களையும் துண்டறிக்கைகளையும் சுவரொட்டிகளையும் அவர் வாயால் சொல்ல, வேறொருவர் எழுதினார். அதற்காகவே அந்தக் காலத்துப் படிப்பாளிகள் அவரை ஏளனம் செய்தார்கள். பேசும் மொழி ஒன்று, எழுதும் மொழி வேறொன்று என்ற நிலையில் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக வாழும் நமக்கு அந்த ஏளனத்தின் ருசி தெரியும்.

பெண்ணுரிமைக்காகவே அவர் இன்று நினைக்கப்படுகிறார். ஆனால் அவர் முதலில் கையில் எடுத்தது அடிமைகளின் வழக்கு. 1780-களின் நடுவில் 'சமோர், மிர்சா' என்ற இரண்டு அடிமைகளைப் பற்றி ஒரு நாடகம் எழுதி, நாட்டின் முதல் நாடக அரங்கான கொமெதி பிரான்சேசுக்குக் கொடுத்தார். ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் மேடையேற்றவில்லை. ஆண்டுகள் ஓடின. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த பிறகு, 1789 டிசம்பர் 28 அன்றுதான் திரை விலகியது. குடியேற்ற நாடுகளில் தோட்டம் வைத்திருந்தவர்களும் அவர்கள் ஆட்களும் அரங்கத்திலேயே கூச்சல் போட்டார்கள். மூன்றே காட்சிகளில் நாடகம் நின்றது. தன் காதலியை அடைய முயன்ற மேலதிகாரியைக் கொன்றுவிட்டு, அவளோடு ஒரு தீவுக்கரையில் ஒளிந்திருக்கும் அடிமை, அங்கே கப்பலுடைந்து தத்தளிக்கும் ஒரு பிரெஞ்சுத் தம்பதியைக் காப்பாற்றுகிறான் என்பது கதை. நாடகமாக அது சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். வசனங்கள் நீளம், கண்ணீர் அதிகம், முடிவும் எளிதில் கூடிவிடுகிறது. ஆனால் அடிமைகளைச் சிரிப்புக்கோ பின்னணிக்கோ வைக்காமல் நாயகன் நாயகி ஆக்கி, அந்த அரங்கத்தின் மேடையில் நிறுத்திவிட்டார்.

அச்சான பிரதியில் பாத்திரங்களின் பட்டியலைப் பார்த்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சமோர், படித்த இந்தியன். மிர்சா, இளம் இந்தியப் பெண். ஆளுநர், இந்தியாவில் உள்ள ஒரு தீவின் ஆளுநர். அன்றைய பிரெஞ்சில் 'இந்தியா' என்ற சொல் கிழக்கு மேற்கு இரண்டு திசைகளுக்கும் பொதுவாக ஓடிய சொல். கரும்பும் சாட்டையும் உள்ள கரிபியன் தீவுகளைத்தான் அவர் மனத்தில் வைத்திருந்தார் என்று கொள்ள நிறைய இடமிருக்கிறது. எனினும் பாரிசில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை அவர் எழுதிய காலத்தில், அதே பிரெஞ்சுக் கொடி பறந்த எங்கள் கடற்கரையிலிருந்து மனிதர்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதை ஊரில் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களைப் பற்றித் தெரியும், அடிமையாகப் போனவர்களைப் பற்றித் தெரியாது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1743-ஆம் ஆண்டு இதை எழுதிவைத்திருக்கிறார். சுற்றுப்புறத்து ஊர்களிலிருந்து வேலை தருவதாகவும் வேறு காரணம் சொல்லியும் ஏமாற்றிக் கூட்டிவந்தவர்களை அடைத்துவைத்து, தலையை மழித்து, கறுப்புத் துணி கட்டி, காலில் இரும்பு மாட்டி, விலைக்கு வாங்கிய அடிமைகளோடு அடிமைகளாகக் கலந்துவிட்டிருக்கிறார்கள். இன்று ரெயூனியன் என்றும் மொரீசியஸ் என்றும் சொல்லப்படும் தீவுகள்தான் இப்படிப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடம். எங்கள் வெள்ளையர் பகுதியில் துய்மா வீதி இருக்கிறது. அந்தத் துய்மா புதுச்சேரிக்கு ஆளுநராக வருமுன் அந்தத் தீவுகளை ஆண்டவர்; அங்கே காப்பித் தோட்டங்கள் அடிமைகளின் முதுகில் எழும்பிய காலம் அது. அவருக்குப் பின் அந்தத் தீவுகளை ஆண்ட லபூர்தொனேயின் பெயரிலும் இங்கே வீதி உண்டு. அடிமைமுறையை எதிர்த்து மேடையேறிய பெண்ணின் பெயரில் ஒரு சந்துகூடக் கிடையாது. பெண்களுக்கே இடமில்லாத ஊரும் அல்ல இது. கப்ஸ் கோயில் என்று நாங்கள் சொல்லும் மாதா கோயிலுக்கு எதிரே ழான் தார்க் (ஆங்கிலத்தில் ஜோன் ஆஃப் ஆர்க்) சிலையாக நிற்கிறார். பாரதி பூங்காவின் நடுவில், தன் வீட்டை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டித் தந்ததாகக் கதை சொல்லப்படும் ஆயிக்கு ஒரு மண்டபமே இருக்கிறது. ஒருவர் நாட்டுக்காக எரிந்தவர், மற்றவர் ஊருக்காக வீட்டை இழந்தவர். தனக்கும் தன்னைப் போன்றவர்களுக்கும் உரிமை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்ட பெண்ணைச் சிலையாக்குவது எந்த ஊருக்கும் எளிதல்ல போலும். பிரான்சு நாடாளுமன்றத்தின் கீழவைக் கட்டடத்துக்குள் ஒலிம்ப் து கூஜின் மார்பளவுச் சிலை போய்ச் சேர்ந்ததே 2016 அக்டோபரில்தான். அந்தக் கட்டடத்தில் ஒரு பெண்ணின் உருவம் அவர் பெயரால் வைக்கப்பட்டது அதுவே முதல் முறை.

சாற்றுரைக்குத் திரும்புகிறேன். 1789-இல் பிரான்சு அறிவித்த மனித உரிமைச் சாற்றுரையில் 'மனிதன்' என்பதற்குப் போட்ட சொல்லுக்கு 'ஆண்' என்றும் பொருள். எல்லோரையும் சேர்த்துத்தான் சொன்னோம் என்று அவர்கள் வாதாடியிருக்கலாம். ஆனால் வாக்குரிமை வந்தபோது பெண்ணை விட்டுவிட்டார்கள். ஒலிம்ப் செய்தது மிக எளிய காரியம். அதே பதினேழு விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பெண்ணை எழுதிச் சேர்த்தார். பெண் சுதந்திரமாகப் பிறக்கிறாள், உரிமையில் ஆணுக்குச் சமமாகவே இருக்கிறாள் என்பது முதல் விதி. சட்டம் என்பது பொது விருப்பத்தின் வெளிப்பாடு, அதை ஆக்குவதில் எல்லாக் குடிமகள்களும் குடிமகன்களும் நேரிலோ பிரதிநிதி வழியாகவோ பங்கு கொள்ள வேண்டும் என்பது ஆறாவது விதி. வாக்குரிமை என்ற கோரிக்கை முழுவதும் அந்த ஆறாவது விதிக்குள் இருக்கிறது. இங்கே நான் 'குடிமகள்' என்று எழுதியிருக்கிறேன். நம் அலுவலகப் படிவங்களில் இன்றும் 'குடிமகன்' என்றே இருக்கிறது. அதில் பெண்ணும் அடக்கம் என்று யாரும் சொல்லத் தேவையில்லாதபடி நமக்குப் பழகிப்போய்விட்டது. ஒவ்வொரு முறை 'குடிமகள்' என்று எழுதும்போதும் பேனா ஒரு நொடி தயங்கியது. அந்தத் தயக்கம்தான் அவருடைய சாற்றுரை கைவைத்த இடம்.

முன்னுரையின் முதல் வரியே ஒரு கேள்வி. ஆணே, நியாயமாக நடக்க உன்னால் முடியுமா? ஒரு பெண் உன்னைக் கேட்கிறாள். இந்த இடத்தில் 'நீ' போடுவதா 'நீங்கள்' போடுவதா என்று நான் குழம்பவில்லை. அவரே 'நீ' என்றுதான் போட்டிருக்கிறார்.

அதே துண்டறிக்கையின் பின்பகுதியில் குடியேற்ற நாடுகளின் நிலையையும், அங்கே நிறத்தின் பெயரால் ரத்த உறவையே மறுக்கும் தோட்ட முதலாளிகளையும் பற்றி அவர் பேசுகிறார். பெண்ணைப் பற்றிய ஆவணத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நான் புரிந்துகொண்டது இது: அடிமைக்காக அவனுடைய எசமான் பேசுவான், மனைவிக்காக அவளுடைய கணவன் பேசுவான் என்ற இரண்டு ஏற்பாடுகளும் அவருக்கு ஒன்றாகவே தெரிந்தன. ஒரு மனிதப் பிறவி வாயோடு இருக்கும்போது, அதன் பெயரைச் சொல்லி வேறொருவர் பேசிக்கொள்வதுதான் இரண்டிலும் நடப்பது.

அவரிடம் குறையில்லை என்று எழுத எனக்கு மனமில்லை. 1791 ஆகஸ்டில் இன்றைய ஹைட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டு தம் நாடகத்தை மீண்டும் அச்சிட்டபோது, அதன் முன்னுரையில் அவர் முதலாளிகளைச் சாடிய கையோடு, கொடுங்கோலர்களைப் போலவே நீங்களும் நடந்தால் அவர்கள் செய்ததை நியாயமாக்கிவிடுகிறீர்கள் என்று அடிமைகளையும் கண்டித்தார். சாட்டையடி படாதவர் அடிபட்டவனுக்குப் பொறுமை போதிப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ரத்தம் சிந்துவதை அவர் எல்லாப் பக்கத்திலும் வெறுத்தார் என்பது உண்மை. அரசரைக்கூடக் கொல்லக் கூடாது, நானே அவருக்காக வாதாடுகிறேன் என்று முன்வந்தவர் அவர். ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒரே தராசில் நிறுத்தியது தவறு என்றே நினைக்கிறேன்.

அவரைக் கொன்றது பெண்ணுரிமைச் சாற்றுரை என்று பலர் எழுதுகிறார்கள். நேரான காரணம் ஒரு சுவரொட்டி. 1793 ஜூலையில் அவர் அச்சிட்ட அதன் பெயர் 'மூன்று குடங்கள்'. தலைப்பில் அவர் போட்ட பிரெஞ்சுச் சொல் 'யூர்ன்'; அதற்குக் குடம் என்றும் வாக்குப் பெட்டி என்றும் பொருள். நமக்கு இதில் வியப்பில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்தவர்களுக்கு ஓலையும் குடமும் தேர்தல் சொற்கள்தான். (அங்கே குடத்துக்குள் பெயர் போட நிலம் இருக்க வேண்டும், சொந்த மனை இருக்க வேண்டும், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், பெண்ணுக்கு அந்தக் குடத்தில் இடமில்லை.) எப்படிப்பட்ட ஆட்சி வேண்டும் என்பதை மக்களே முடிவு செய்யட்டும், ஒன்றுபட்ட குடியரசு, கூட்டாட்சி, முடியாட்சி என்ற மூன்றுக்கும் மூன்று குடங்கள் வைத்து ஊர் ஊராக வாக்கெடுங்கள் என்பதே சுவரொட்டியின் செய்தி. முடியாட்சி என்ற சொல்லை விருப்பப் பட்டியலில் வைப்பதே மரண தண்டனைக்குரிய குற்றம் என்று அந்த ஆண்டு மார்ச்சில் சட்டம் வந்திருந்தது. ஜூலையில் கைது செய்தார்கள். நவம்பர் 2 அன்று விசாரணை; வழக்கறிஞர் வைத்துக்கொள்ள விடவில்லை. மறுநாள் கில்லட்டின். அதற்கு நான்கு நாட்களுக்கு முன்தான் பெண்களின் அரசியல் மன்றங்கள் அனைத்தையும் தடை செய்திருந்தார்கள். அவர் கடைசியாகக் கடிதம் எழுதிய ஒரே மகன், உயிருக்குப் பயந்து, தாயைப் பொதுவில் மறுத்துவிட்டான்.

அவர் தலை விழுந்த அந்த நவம்பரில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இல்லை. இரண்டரை மாதங்களுக்கு முன் ஆகஸ்டில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துவிட்டார்கள். ஆகவே, 1794 பிப்ரவரி 4 அன்று பிரான்சு தன் குடியேற்ற நாடுகள் அனைத்திலும் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் போட்டபோது, அந்தச் சட்டம் வந்து சேர இங்கே பிரெஞ்சு ஆட்சியே இல்லை. ஊர் 1816-இல் திரும்பக் கைமாறியபோது அந்தச் சட்டமே உயிரோடு இல்லை. 1802-இல் நெப்போலியன் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். புரட்சி பெற்றெடுத்த மிகச் சிறந்த சட்டம் எங்கள் ஊரை இப்படி ஒதுங்கிக் கடந்துபோனது.

இரண்டாவது ஒழிப்பு 1848 ஏப்ரல் 27. அந்த ஆணையின் ஆறாவது விதியை மூலத்தில் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடிமைத்தனத்திலிருந்து தூய்மையாக்கப்பட்ட குடியேற்ற நாடுகளுக்கும் இந்தியாவில் உள்ள பகுதிகளுக்கும் நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் உண்டு என்கிறது அது. அடிமைமுறை ஒழிப்பும் எங்கள் ஊரின் வாக்குரிமையும் ஒரே தாளில், ஒரே நாளில் எழுதப்பட்டவை. ஒலிம்ப் ஒன்றாகக் கட்டிய இரண்டையும் அந்த ஆணையும் ஒன்றாகவே கட்டியது. ஆனால் வாக்கு ஆண்களுக்கு மட்டும். பிறகு அதிலும் ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், இந்தியருக்கு வேறு பட்டியல் என்று பிரித்தார்கள்.

அடிமைகள் விடுதலையான தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆள் எங்கள் துறைமுகத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போனது. ஒரேலி என்ற கப்பல் 1853 மே மாதம் கரிபியன் தீவான மர்த்தினிக்கிலும், 1854 டிசம்பர் 24 அன்று அதே கடலில் உள்ள குவாதலூப்பிலும் இந்தியக் கூலிகளை முதன்முதலாக இறக்கியது. குவாதலூப்புக்கு மட்டும் 1889 வரை சுமார் 42,000 பேர் போனார்கள். அடிமை என்ற சொல் போய்விட்டது, ஒப்பந்தம் என்ற சொல் வந்தது. வாக்கு வரவில்லை. அந்தத் தீவிலேயே, தமிழ்நாட்டிலிருந்து போன ஒருவரின் மகனாக 1863-இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம், இந்தியப் பிள்ளைகளும் குடிமக்களே, அவர்கள் பெயரையும் வாக்காளர் பட்டியலில் எழுதுங்கள் என்று 1904 முதல் வழக்காடி 1923-இல் வென்றார். பத்தொன்பது ஆண்டுகள் ஒரு பெயர்ப் பட்டியலுக்காக. அவருடைய கதையைத் தனியே எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

பெண்களுக்கு வாக்கு 1944 ஏப்ரல் 21 ஆணையில் வந்தது. ஆண்களுக்கு உள்ள அதே நிபந்தனைகளின்படி பெண்கள் வாக்களிக்கலாம், தேர்தலில் நிற்கலாம் என்று ஒரே வரி. அந்த வரி இருப்பது பதினேழாவது விதியில். ஒலிம்பின் சாற்றுரையிலும் விதிகள் பதினேழு. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல். பிரான்சில் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945 ஏப்ரல் 29 அன்று, அவர் கொல்லப்பட்டு 151 ஆண்டுகள் கழிந்த பின். அடுத்த ஆண்டு எங்கள் ஊரிலும் பெண்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள்.

அவர்களில் ஒருவர் என் ஆயா, அப்பாவைப் பெற்றவர். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது, இடுப்பில் என் பெரியப்பா. தலைக்குக் குளித்து, கலியாணப் புடவை கட்டிக்கொண்டு போனதாகச் சொல்வார். பிரெஞ்சு முறையில் ஒவ்வொரு கட்சிக்கும் தனித்தனிச் சீட்டு இருக்கும். வேண்டியதை எடுத்து உறைக்குள் வைத்துப் பெட்டியில் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஆயா, எந்தச் சீட்டில் என்ன படம் என்று முதல் நாள் இரவே தாத்தாவிடம் கேட்டுப் பாடம் செய்துகொண்டு போயிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல், "ஒன் ஓட்ட போட்டாச்சே, ஊட்டுக்குப் போம்மா" என்று சொல்லிவிட்டாராம். காலையிலேயே யாரோ அவர் பெயரில் வந்து போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைய பிரெஞ்சிந்தியத் தேர்தல்களில் இது புதிதல்ல, அடியாட்களும் கள்ள ஓட்டும் ஊரறிந்தவை. ஆனால் ஆயா அறுபது ஆண்டுகள் கழித்தும் அதைச் சொல்லும்போது குரல் மாறும். "நான்தான் அங்க நிக்கிறேனே, என்னப் பாத்துக்கிட்டே போட்டாச்சுன்றான்" என்பார். எனக்கு ஒலிம்பின் சாற்றுரை விளங்கியதே இந்த வாக்கியத்தால்தான். நான் இங்கே நிற்கிறேன், என் பெயரில் வேறு யாரோ பேசிவிட்டுப் போய்விட்டார்கள் என்பதைத்தான் ஒருவர் நாடகமாகவும் பதினேழு விதிகளாகவும் எழுதினார், மற்றவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்.

இன்றைய நிலையைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. 2021 சட்டப்பேரவைத் தேர்தலில் முப்பது தொகுதிகளிலும் சேர்த்து நாங்கள் தேர்ந்தெடுத்த பெண் ஒரே ஒருவர். அவர் அமைச்சரானபோது, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் புதுச்சேரிக்கு ஒரு பெண் அமைச்சர் என்று செய்தித்தாள்கள் எழுதின. சட்டப்பேரவைகளில் மூன்றில் ஓர் இடம் பெண்களுக்கு என்ற ஒதுக்கீட்டைப் புதுச்சேரிக்கும் நீட்டி 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. நடைமுறைக்கு வரக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிய வேண்டும். உள்ளாட்சியில் அந்த ஒதுக்கீடு ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் தேர்தல்தான் இல்லை. 1968-க்குப் பிறகு 2006-இல் ஒரு முறை நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதற்குப் பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக, ஒரு வார்டு உறுப்பினராகக்கூட நிற்க எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வாய்ப்பே வரவில்லை. ஒரு பெண் பேச்சுமேடை ஏறப் பழகுவது அந்த வார்டில்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொல்லித்தான் எவரும் மேடை ஏறக் கற்கிறார்கள். முதல் படியை எடுத்துவிட்டு, ஏன் இவர்கள் மேலே வரவில்லை என்று கேட்கிறோம்.

மொழிபெயர்ப்பை முடித்து அனுப்பிவிட்டேன். தம்பி மனைவி அச்செடுத்துச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டியிருப்பதாகத் தம்பி மகள் படம் அனுப்பினாள். பத்தாவது விதிக்குக் கீழே யாரோ மஞ்சள் மையால் கோடு போட்டிருக்கிறார்கள்.

அந்த 2006 உள்ளாட்சித் தேர்தலில்தான் ஆயா கடைசியாக வாக்களித்தார். அப்போது வயது எண்பத்திரண்டு, கண் பார்வை மங்கியிருந்தது. முதல் வாக்கு பறிபோனதிலிருந்து எந்தத் தேர்தலானாலும் சாவடி திறக்குமுன் போய் நின்றுவிடுவது அவர் வழக்கம். எவனாவது தன் பெயரில் போட்டுவிடுவான் என்ற பயம் கடைசிவரை போகவில்லை. அன்றும் விடியற்காலையிலேயே எழுப்பி, ஆட்டோ பிடிக்கச் சொல்லி, என் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றார். உள்ளே போனதும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இளம்பெண்ணிடம், வேறெதுவும் பேசாமல், "எம்பேரு அப்படியே இருக்குதா பாருமா" என்றார். அந்தப் பெண் பட்டியலில் தேடி, பெயரைச் சத்தமாகப் படித்து, "இருக்குது பாட்டி, யாரும் தொடல" என்றாள். ஆயா தலையசைத்து விரலை நீட்டினார். மை வைத்த விரல் முந்தானையில் படாமல் கையை மேலே தூக்கிப் பிடித்தபடியே, ஆட்டோவில் வீடு வரைக்கும் வந்தார்.